வேரும் இலையும் ஊறிய தண்ணீர்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

சென்ற ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், கடைசி மணி அடிப்பதற்குச் சற்று முன் எங்கள் அறிவியல் சிஸ்டர் வகுப்பினுள் நுழைந்து, "எல்லாரும் உங்கள் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து மேசைமேல் வையுங்கள்" என்றார்கள். நோட்டுப் புத்தகச் சோதனை எங்களுக்குப் பழக்கம். நகச் சோதனையும் பழக்கம். தண்ணீர்ச் சோதனை புதிது.

வரிசையாக நின்ற பாட்டில்களைப் பார்த்தபோது எங்களுக்கே வெட்கமாயிற்று. காலையில் அம்மா நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பெரும்பாலானவற்றில் கழுத்துவரை அப்படியே நின்றது. சிலவற்றில் இரண்டு மடக்குக் குறைந்திருந்தது. காலியாக இருந்தவை விரல்விட்டு எண்ணத் தக்கவை. அவற்றுள்ளும் ஒன்று உணவு இடைவேளையில் கை கழுவுவதற்குக் கவிழ்க்கப்பட்டது என்பது பின்னர்த் தெரிய வந்தது.

சிஸ்டர் கோபிக்கவில்லை. ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, தண்ணீர் குடிக்காததற்குக் காரணத்தைப் பெயர் போடாமல் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதியவற்றைப் பிரித்து வைத்தால் காரணங்கள் இரண்டே வகைதான். முதல் வகை, 'வெயிலில் சூடாகி விடுகிறது', 'பிளாஸ்டிக் வாடை அடிக்கிறது', 'போர்த் தண்ணீர் கரிக்கிறது', 'சப்பென்று இருக்கிறது' என்பன. இரண்டாம் வகையை எழுதியவர்கள் எல்லாரும் சுற்றி வளைத்தே எழுதியிருந்தார்கள். சுருக்கிச் சொன்னால், தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டி வரும். அங்கே போக மனம் வருவதில்லை.

அன்று மணி அடித்த பிறகும் சிஸ்டர் பத்து நிமிடம் பேசினார்கள். பிற்பகல் பாட வேளையில் எங்களுக்கு வரும் தலைவலிக்கும் தூக்கத்துக்கும் கணக்குப் பாடத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. உடலில் நீர் குறைந்தாலும் அப்படித்தான் வரும். தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் நாள் கடத்தும் பெண் பிள்ளைகளுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வருகிறது. சிறுநீரகக் கல் உண்டாகவும் இது ஒரு காரணமாகிறது. சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போனால் உடல் தண்ணீர் கேட்கிறது என்று பொருள். கேரளத்துப் பள்ளிகளில் 2019ஆம் ஆண்டில் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கத் தொடங்கினார்களாம். "மணி அடிக்கலாம். ஆனால் பாட்டிலில் இருப்பதைக் குடிக்கப் பிடிக்க வேண்டுமே! முதல் காரணத்துக்கு நீங்கள் வழி காணுங்கள். இரண்டாவதைப் பற்றி நான் தலைமைச் சகோதரியிடம் பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இவ்வாறுதான் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து மணமூட்டிய தண்ணீர் செய்யத் தொடங்கினோம்.

எங்கள் ஊர் தூத்துக்குடி. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பளம். குழாயில் தாமிரபரணித் தண்ணீர் வரும் நாள்களில் குறையொன்றும் இல்லை. வராத நாள்களில் கேன் தண்ணீர், அதுவும் இல்லாவிட்டால் போர்த் தண்ணீர். இந்தப் போர்த் தண்ணீரைக் குடிக்க மறுப்பது பிள்ளைகளின் பிடிவாதம் என்று பெரியவர்கள் சொல்லக் கூடாது. அதன் சுவை அப்படி. கரைந்திருக்கும் உப்பைக் காய்ச்சியும் போக்க முடியாது, எலுமிச்சை போட்டும் போக்க முடியாது. ஆகவே நாங்கள் செய்து பார்த்தவை எல்லாம் குழாய்த் தண்ணீரிலும் கேன் தண்ணீரிலும்தான்.

எங்களுள் ஒருத்தியின் ஆச்சி வீட்டில் மண்பானையில் வெட்டிவேர் போட்டு வைப்பார்கள். முதலில் அங்கேதான் போனோம். அடுப்படி மூலையில் மணல் பரப்பி, அந்த ஈர மணல்மேல் பானை. வாய்க்கு ஒரு பலகை மூடி. மூடியைத் திறந்தால் முதல் மழை பெய்த மண்ணின் வாசனையும் அதனுடன் சேர்ந்து லேசாகச் சந்தனம் போன்ற ஒன்றும் எழுந்து வந்தன. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த தண்ணீர் பல்லைக் கூசச் செய்யும்; இது தொண்டைக்கு இதமாக இறங்கியது. நாங்கள் ஆளுக்கு இரண்டு செம்பு குடித்தோம். ஒரு செம்பு போதுமென்று நினைத்துத்தான் வாங்கினோம்.

பானைத் தண்ணீர் குளிர்வதன் காரணத்தை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். சுட்ட மண்ணில் உள்ள நுண்துளைகள் வழியாக நீர் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்தும் எடுத்துக் கொள்வதால் மிஞ்சிய தண்ணீர் குளிர்கிறது. பார்வைக்கு அழகாக இருக்கிறதென்று சாயம் பூசிய பானை வாங்கினால் துளைகள் அடைபட்டு, குளிர்ச்சி வராது. கடற்காற்றில் ஈரம் மிகுந்த நாள்களில் எங்கள் ஊர்ப் பானைகள் அவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்வதில்லை. உள்நாட்டில் காற்று வறண்டிருக்கும் ஊர்களின் பானைகளுக்கு இந்தத் தொல்லை குறைவு.

வெட்டிவேர் என்பது ஒரு புல்லின் வேர். புல் ஆளுயரத்துக்கு வளரும்; வேரும் அதற்குக் குறையாமல் மண்ணுக்குள் நேராக இறங்கும். மணம் முழுவதும் வேரில் உள்ள எண்ணெயில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'வெட்டிவர்' என்ற பெயர் நம் தமிழ்ச் சொல்லிலிருந்தே போயிற்று என்பதைப் படித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. எண்ணெய் தண்ணீரில் கரையாதே, பிறகு எப்படி மணம் இறங்குகிறது என்று ஒருத்தி கேட்டாள். மணத்துக்குரிய பொருள்கள் மிக மிகச் சிறிதளவு நீரில் கலக்கின்றன. அந்தச் சிறிதளவே நம் மூக்குக்குப் போதுமானது. சர்க்கரையைப்போல் கரண்டிக் கணக்கில் கரைய வேண்டியதில்லை.

இனி, செய்முறை. நாங்கள் செய்து பார்த்தவற்றுள் சில சரியாக வந்தன, சில கெட்டன. எல்லாவற்றிலிருந்தும் அறிந்து கொண்டது, வேருக்கு ஒரு வழி, விதைக்கு ஒரு வழி, இலைக்கு ஒரு வழி, கனிக்கு ஒரு வழி என்பதுதான்.

வேர் கடினமானது, பொறுமை வேண்டும். நன்னாரி வேரைக் கழுவி, லேசாகத் தட்டி, நடுவில் உள்ள வெள்ளைத் தண்டை எடுத்து எறிந்துவிட வேண்டும். மணம் மேற்பட்டையில்தான் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு சிறு கைப்பிடிப் பட்டை போதும். கொதிக்கும் நீரை அதன்மேல் ஊற்றி மூடி வைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு வடிகட்டினால் மணம் வெனிலாவை நினைவூட்டும். இது எங்கள் கற்பனை அன்று. நன்னாரியின் மணப்பொருளும் வெனிலாவின் வெனிலினும் ஒரே அணுக்களால், ஒரே எண்ணிக்கையில் ஆனவை. அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் இடம்தான் வேறு. வேதியியலில் மாற்றியம் என்று இதைச் சொல்கிறார்கள். கடையில் விற்கும் நன்னாரி சர்பத்தில் சர்க்கரைதான் மிகுதி. சர்க்கரை சேர்க்காத நன்னாரித் தண்ணீரை எங்கள் வீடுகளில் நீரிழிவு உள்ள பெரியவர்களும் விரும்பிக் குடித்தார்கள்.

சீரகம், ஓமம், கொத்தமல்லி விதை ஆகியவை தண்ணீரோடு சேர்ந்து கொதிக்க வேண்டும். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி. தண்ணீர் வைக்கோல் நிறம் அடைந்ததும் இறக்கி விடலாம். அதிகம் போட்டால் ரசம் வைத்த பாத்திரத்தைக் கழுவிய நீர் போலாகி விடும். ஓமத்தில் நாங்கள் அப்படி ஆக்கினோம்.

இலை நேர்மாறானது. துளசி, புதினா, கற்பூரவல்லி எவற்றையும் கொதிக்க வைக்கக் கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு, இலையைக் கையால் லேசாகக் கசக்கிப் போட்டு உடனே மூட வேண்டும். மூடாவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். அடுப்படி மணக்கும், தண்ணீர் மணக்காது. பத்து நிமிடத்தில் இலையை எடுத்துவிட வேண்டும். புதினாவை நறுக்கிப் போட்டு நாள் முழுவதும் பாட்டிலிலேயே விட்டவளின் தண்ணீர் மாலையில் கறுத்து, புல் வெட்டிய நாற்றம் அடித்தது.

கனிகளில் எலுமிச்சைதான் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது. ஒரு லிட்டருக்கு அரைப் பழம் போதும். தோலைத் தேய்த்துக் கழுவி, மெல்லிய வில்லைகளாக்கி, விதை நீக்கிப் போட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குமேல் விட்டால் மஞ்சள் தோலுக்கு உட்புறமுள்ள வெள்ளைப் பகுதியின் கசப்பு இறங்கிவிடும். நெல்லிக்காயை நசுக்கி, கொட்டை நீக்கி, ஒரு கல் உப்போடு போட்டால் முதலில் துவர்க்கும். அதன்பின் குடிக்கும் ஒவ்வொரு மடக்கும் இனிக்கும். வெள்ளரிப் பிஞ்சு, மாதுளை முத்து, கமலா ஆரஞ்சுச் சுளை இவையும் நன்றாகவே இருந்தன. அன்னாசி ஒன்றுதான் மாலைக்குள் புளித்து நுரை கட்டியது.

புளிப்புள்ள எதையும் செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்களில் ஊற வைக்கக் கூடாது. செப்புக் குடத்துத் தண்ணீர் நல்லதென்று கேட்டுக் கேட்டு, எலுமிச்சையையும் அதிலேயே போட்டுவிடும் வீடுகள் உண்டு. புளிப்பு செம்பைக் கரைக்கும். கரைந்த செம்பு மிகுந்தால் குமட்டலும் வாந்தியும் வரும். கண்ணாடி, மண், எவர்சில்வர் இவை போதும்.

இவ்வளவும் கற்றுக் கொண்டு, ஜூலை மாதம் முழுவதும் எங்கள் பாட்டில்கள் காலியாகவே வீடு திரும்பின. அந்தக் களிப்பில்தான் தவறு செய்தோம். அதை எழுத வேண்டாமென்று எங்களுள் இருவர் சொன்னார்கள். எழுதத்தான் வேண்டும் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார்கள்.

ஆகஸ்டில் விளையாட்டு விழா. மைதானத்தின் ஓரத்தில் 'மணநீர்ப் பந்தல்' ஒன்று போட அனுமதி கேட்டோம், கிடைத்தது. முதல் நாள் மாலை இரண்டு பெரிய பானைகளில் பள்ளித் தொட்டித் தண்ணீரை நிரப்பினோம். ஒன்றில் வெட்டிவேர், மற்றொன்றில் எலுமிச்சையும் புதினாவும். தண்ணீரைக் காய்ச்சவில்லை. அவ்வளவு தண்ணீரை எங்கே காய்ச்சுவது என்று ஒருத்தி கேட்டதற்கு, "எலுமிச்சை கிருமியைக் கொன்றுவிடும், வெட்டிவேர் தண்ணீரைச் சுத்தப்படுத்தும்" என்று மற்றவர்கள் ஒரே குரலில் சொன்னோம். எங்கே படித்தோம், யார் சொன்னார்கள் என்பது இன்று வரை எங்களுக்கு நினைவில்லை. கடையில் வாங்கிய வேரை ஒரு முறை அலசிவிட்டு அப்படியே போட்டோம். மறுநாள் பந்தலில் கூட்டம் தாங்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நிற்கப் பொறுக்காமல் டம்ளரையும் கையையும் பானைக்குள் விட்டு மொண்டார்கள். நாங்கள் சிரித்துக் கொண்டு பார்த்திருந்தோம்.

அடுத்த இரண்டு நாள்களில் சிறு வகுப்புகளில் பலர் பள்ளிக்கு வரவில்லை. வயிற்றுப்போக்கு. அவர்களுள் ஒருத்தி எங்கள் ஆறு பேரில் ஒருத்தியின் தங்கை. அன்று மைதானத்தில் ஐஸ் விற்றார்கள், வெளியே வாங்கிய தின்பண்டமும் இருந்தது. ஆகையால் எங்கள் தண்ணீர்தான் காரணம் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் இல்லை என்று சொல்ல எங்களிடமும் ஒன்றும் இல்லை. அந்தத் தங்கைக்கு வீட்டில் முதல் நாள் சீரகத் தண்ணீர் மட்டும் கொடுத்திருக்கிறார்கள்; நாங்கள் சொல்லிக் கொடுத்த அதே சீரகத் தண்ணீர். இரண்டாம் நாள் காலையில் நாக்கு உலர்ந்து, கண் குழிந்து, எழுந்து நிற்க முடியாமல் போனபோதுதான் மருத்துவமனைக்குத் தூக்கிக் கொண்டு ஓடினார்கள். பிழைத்து வந்தாள். அந்த ஒரு பகல் எப்படிக் கழிந்தது என்பதை அவள் அக்காள் எங்களிடம் இன்னும் சொல்லவில்லை.

வயிற்றுப்போக்கில் நீர் மட்டுமன்றி உப்பும் உடலைவிட்டுப் போகிறது. சீரகத் தண்ணீர் அந்த உப்பைத் திருப்பிக் கொடுக்காது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தேக்கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். மருந்துக் கடையில் இதற்கென ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்கிறது, அதுவே மேல். சர்க்கரை இருந்தால்தான் குடல் உப்பையும் நீரையும் சேர்த்து உள்ளே இழுத்துக் கொள்ளும். 1971இல் வங்காளத்தில் பொங்காவ் என்னும் எல்லை ஊரின் அகதி முகாமில் காலரா பரவி, ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இத்தகைய கரைசலை வாய்வழியாகக் கொடுக்கச் செய்து மிகப் பல உயிர்களைக் காத்தார். இந்த அளவை எங்கள் வகுப்புக் கரும்பலகையின் மூலையில் எழுதி, அழிக்கக் கூடாதென்று கட்டமும் போட்டிருக்கிறோம்.

பிறகு சிஸ்டர் எங்களைத் திட்டுவதற்குப் பதிலாக மூன்று சிறு குப்பிகளைக் கொண்டு வந்தார்கள். குடிநீரில் மலக்கழிவு கலந்திருக்கிறதா என்று எளிதாகப் பார்ப்பதற்கு நம் நாட்டு அறிஞர்கள் 1982இல் வெளியிட்ட முறை இது. குப்பிக்குள் மருந்து தோய்த்த தாள் இருக்கும். நீரை ஊற்றி மூடி, அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், ஐதரசன் சல்பைடு வாயுவை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் இருக்குமாயின் நீர் கறுத்துவிடும். ஒன்றில் தொட்டித் தண்ணீர் ஊற்றினோம். இரண்டாவதில் காய்ச்சி ஆற வைத்த நீரில் அலசிய வெட்டிவேரை ஊறவைத்து எடுத்த தண்ணீர். மூன்றாவதில் ஆச்சி வீட்டுப் பானைத் தண்ணீர்.

இரண்டாம் நாள் முதல் குப்பி கறுத்திருந்தது. அதை எதிர்பார்த்தோம். இரண்டாவது குப்பியும் கறுத்திருந்தது! காய்ச்சிய தண்ணீர் ஏன் கறுக்க வேண்டும்? ஆச்சியின் பானைத் தண்ணீர் மட்டும் தெளிவாக இருந்தது. மண்ணில் இயல்பாக வாழும் சில பாக்டீரியாக்களாலும் கறுக்கக் கூடும் என்றும், கறுத்தால் நோய் உறுதி என்பதல்ல, அந்தத் தண்ணீரைக் குடிக்கத் துணியக் கூடாது என்பதே பொருள் என்றும் சிஸ்டர் விளக்கினார்கள். எப்படியாயினும் வேரோடு மண்ணும், மண்ணோடு வேறு சிலவும் எங்கள் காய்ச்சிய நீருக்குள் போயிருந்தன.

மறுபடியும் ஆச்சியிடம் ஓடினோம். "ஏட்டி, மண்ணுக்குள்ள கெடந்த வேரை அப்படியேவா பானையில போட்டிய? கொதிதண்ணியில போட்டு ஒரு கொதி விட்டு எடுத்துல்லா வெயில்ல காயப் போடணும்" என்றார்கள். முதல் முறை நாங்கள் போனபோது அதைச் செய்து காட்டினார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது. மண்வாடை போவதற்காக என்று நினைத்துக் கொண்டு, மணமும் போய்விடுமே என்று அந்தப் படியை நாங்களாகவே விட்டுவிட்டிருந்தோம். வேரை மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டுவது, மூன்று நாளைக்கு ஒரு முறை எடுத்து மீண்டும் வெந்நீரில் முக்கி வெயிலில் உலர்த்துவது, வாரம் ஒரு முறை பானையைத் தேய்த்துக் கழுவிக் காயவைப்பது, நீண்ட கைப்பிடியுள்ள அகப்பையால் மட்டுமே மொள்ளுவது, இவையெல்லாம் ஆச்சிக்கு எவரும் எழுதிக் கொடுத்த விதிகள் அல்ல. கையை உள்ளே விட்டால் பேரப்பிள்ளைகளுக்கு அகப்பையாலேயே அடி விழும்.

எலுமிச்சை விஷயமும் தெளிந்தது. எலுமிச்சைச் சாறு வலிய புளிப்புடையது. நீல லிட்மசை நொடியில் சிவப்பாக்குகிறது. புளிப்பைத் தாங்காத கிருமிகளும் உண்டு. ஆனால் வாயில் வைத்துக் குடிக்கும் அளவுக்குத் தண்ணீரில் கரைத்த பிறகு, எல்லாக் கிருமிகளையும் கொல்லும் ஆற்றல் அதற்கு இல்லை. வைட்டமின் 'சி' கூட நாங்கள் நினைத்த அளவு இறங்குவதில்லை. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் ஸ்கர்வி நோயுற்ற மாலுமிகளை எலுமிச்சையும் ஆரஞ்சும் கொடுத்துத் தேற்றினார் என்பது உண்மை. அவர் கொடுத்தது பழத்தை, வில்லை மிதந்த தண்ணீரை அன்று. ஊறிய நெல்லிக்காயையும் ஆரஞ்சுச் சுளையையும் எறிந்துவிடாமல் தின்றுவிடுவது இப்போது எங்கள் வழக்கம்.

தேற்றான் கொட்டையைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். கலங்கல் நீர் எடுக்கும் பானையின் உட்புறத்தில் அதை உரைத்தால் மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் தங்கும். நீர் தெளியும். தெளிந்த நீரைக் காய்ச்சத்தான் வேண்டும். தேற்றா மரம் எட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. எட்டிக் கொட்டையோ கொடிய நஞ்சு. ஆகவே அறியாதவர்கள் தோட்டத்தில் பொறுக்கி வந்து உரைக்க வேண்டாம்.

காய்ச்சுவது என்றால் விரல் பொறுக்காத அளவுக்குச் சுடவைப்பது அன்று. பெரிய குமிழ்கள் அடியிலிருந்து புரண்டு வர, ஒரு நிமிடம் முழுதாகக் கொதிக்க வேண்டும். உதகமண்டலத்தில் படிக்கும் தோழியருக்கு மூன்று நிமிடம்! கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் அவ்வூரில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்து விடுகிறது.

எங்களுள் ஒருத்தியின் அத்தை வீடு திருவனந்தபுரத்தில் இருக்கிறது. அங்கே சாப்பாட்டோடு இளஞ்சிவப்பு நிறத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் தருவார்கள். பதிமுகம் என்னும் மரச் சீவலைப் போட்டுக் காய்ச்சிய நீர் அது. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் நிறத்துக்காக அதை விரும்பிக் குடித்து வந்தவள், இந்த முறை அதை வேறு கண்ணோடு பார்த்ததாகச் சொன்னாள். மரம் நிறம் தருகிறது, காப்பது அடுப்பு. தண்ணீர் நெருப்பைப் பார்த்தது என்பதற்கு அந்த நிறம் ஓர் அடையாளம், அவ்வளவே. சிவந்த நீரில் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஆற்றினால் நிறம் மாறாது, காவல் போய்விடும். அவள் இதைச் சொன்னபோது அவள் அத்தை, "மோளே, அது எங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்தார்களாம்.

ஆகவே இப்போது நாங்கள் செய்வது இது. முதல் நாள் இரவு தண்ணீரைக் காய்ச்சி, மூடி, ஆற வைக்கிறோம். வேரும் விதையும் அந்தக் கொதியிலேயே போகின்றன. இலை, அணைத்த உடனே. பச்சைக் கனி மட்டும் காலையில், ஓடும் நீரில் கழுவி, கழுவிய கையால், கழுவிய கத்தியால். கனி போட்ட தண்ணீரைப் பகல் உணவுக்குள் குடித்துவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் என்றால் ஒரு நாள். கடை ஐஸ் சேர்ப்பதில்லை. உறைந்தால் கிருமி சாகாது, தூங்கும். பாட்டிலின் மூடியில் உள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவ வேண்டும். எங்கள் பாட்டில் வளையங்களுக்கடியில் இருந்ததை இங்கே எழுதினால், இதைப் படிக்கும் அன்னையர் இன்றிரவே சோதனை போடுவார்கள். போடட்டும்.

சீரகத் தண்ணீர் உடல் மெலிய வைக்கும், துளசித் தண்ணீர் எல்லாக் காய்ச்சலையும் விரட்டும் என்று கைபேசியில் வருவனவற்றை நாங்கள் இந்தக் கட்டுரையில் சேர்க்கவில்லை. இவற்றால் எங்களுக்குக் கிடைத்த ஒரே நன்மை, தண்ணீரைக் குடித்தோம் என்பது. அதுவே எங்களுக்குத் தேவையாக இருந்தது.

இரண்டாவது காரணம் என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கக் கூடும். அக்டோபர் விடுமுறை முடிந்து வந்தபோது மேல்மாடிக் கழிப்பறையின் நான்கு கதவுகளுக்கும் புதுத் தாழ்ப்பாள் இருந்தது. குழாய் சொட்டவில்லை. வாளியும் குவளையும் இருந்தன. ஒரு மூலையில் மூடியிட்ட குப்பைக் கூடை ஒன்றும் வைக்கப்பட்டிருந்தது. யாரும் கூட்டத்தில் அறிவிக்கவில்லை.

நவம்பரில் ஒரு நாள் சிஸ்டர் மறுபடியும் கடைசி மணிக்கு முன் வந்து பாட்டில்களை மேசைமேல் வைக்கச் சொன்னார்கள். இந்த முறை முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆகவே கை கழுவக் கவிழ்த்தது எதுவும் கிடையாது. காலியானவை வகுப்பில் பாதிக்கு மேல். கடைசி வரிசையில் மட்டும் ஒரு பாட்டில் கழுத்துவரை நிறைந்து நின்றது. "ஏன்மா, உனக்கு எது பிடிக்கவில்லை?" என்று கேட்டார்கள். "வெட்டிவேர் வாசனை, சிஸ்டர். அம்மா கேட்காமலே போட்டுவிடுகிறார்கள். எனக்குச் சும்மா தண்ணீர்தான் பிடிக்கும்" என்றாள் அவள். நாங்கள் ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டோம்.